எட்டாம் ரீலில் பச்சைக் கோடு

பக்தவத்சலம் காலையிலேயே காகிதமும் கையுமாக வந்து நின்றபோது சரசுவின் அடுப்பு மேட்டில் கார்பன் குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு அடுப்பில் ரேஷன் அரிசி கொதித்தது. இன்னொன்றில் தோசைக்கல்லைக் கவிழ்த்து, அதன்மேல் வரிசையாகப் பத்துக் குச்சிகள். புரொஜெக்டருக்குள் இரண்டு குச்சிகள் முனையோடு முனை நின்று எரிந்தால்தான் திரைக்கு வெளிச்சம். தீவு ஊரான ரங்கத்தில் ஆகஸ்ட் மாத மழைக்குக் கரிக்குச்சிகூட ஈரம் குடித்துவிடும். ஈரக் குச்சி படபடவென்று பொரியும், திரையில் வெளிச்சம் துள்ளும். மூன்று நாளாகப் படம் துள்ளுவதற்கு இதுதான் காரணம் என்று குழந்தைவேலு நேற்றுத்தான் கண்டுபிடித்திருந்தான். கருவாடு வறுக்க வேண்டிய கல்லில் கரிக்குச்சி வறுக்கிற கொடுமை எந்த வீட்டிலாவது உண்டா என்று சரசு விடிந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகை பக்தவத்சலத்துடையது. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் மணல் தரை, பின்னால் பெஞ்சு. காட்டு காண்ட்ராக்டில் சம்பாதித்துக் கட்டியது. அந்தக் கொட்டகையின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதுதான் ஆபரேட்டர் குழந்தைவேலுவுக்கும் அவன் பெண்டாட்டி சரசுவுக்கும் வீடு. மெஷினைத் தொடுகிறவரைக்கும் வீடு. அதை நினைத்துத்தான் சரசு முதலாளியைக் கண்டதும் முணுமுணுப்பை நிறுத்தினாள்.

“என்னப்பா, அடுப்புல கார்பனா?” என்றார் பக்தவத்சலம். உட்காரவில்லை. “துள்ளுறது நின்னுடும். சரி. பச்சைக் கோடு நிக்குமா?”

துள்ளுவது வேறு, கோடு வேறு. மூன்று நாளாக எட்டாம் ரீலில் ஆரம்பித்துப் பத்தாம் ரீல்வரை திரையில் மேலிருந்து கீழே பச்சைக் கோடுகள். முதல் நாள் ஒன்று. மறுநாள் நாலு. நேற்றைக்குக் கதாநாயகி அழுகிற இடத்தில் முகம் முழுக்கப் பச்சை நரம்பு. கலர் படம். போர்ட் பிளேயரில் ஓடி முடித்து நல்லபடியாக வந்த பிரிண்ட்.

“சனிக்கிழமை போட்டுல படப்பெட்டி போர்ட் பிளேயருக்குத் திரும்பிப் போகணும். அங்கேருந்து மெட்ராஸ் ஷிப்பு. அவங்க பிரிச்சுப் பாப்பாங்க. பாத்தா என் கொட்டகைக்கு இனிமே ஒரு படம் அனுப்புவாங்களா?” காகிதத்தை நீட்டினார். “எழுதியிருக்கேன். எங்கள் ஆபரேட்டரின் கவனக்குறைவால் படம் கெட்டது, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்னு. கீழ கையெழுத்துப் போடு.”

சரசுவுக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. நீக்கிவிட்டோம் என்று எழுதிக்கொண்டு வந்து, அதில் நீக்கப்பட்டவனையே கையெழுத்துப் போடச் சொல்கிறான். இந்தக் காகிதம் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தால் அப்புறம் எந்த டாக்கீஸ்காரன் இவர் கையில் மெஷினைக் கொடுப்பான்? படக் கம்பெனிக்காரர்களுக்கு இருக்கிறதே நாலு தெரு. ஒருவன் வாயில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. இவருக்கோ மெஷினைத் தவிர வேறு ஒரு வேலையும் தெரியாது.

“மெஷின் கீறியிருந்தா கையெழுத்துப் போட்டுர்றேன் முதலாளி,” என்றான் குழந்தைவேலு, சாதாரணமாக. “சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. எட்டாம் ரீலையும் பகல்லயே குடுத்து விடுங்க. பாத்துச் சொல்லிர்றேன்.”

பக்தவத்சலம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ஜெயமணிகிட்டக் குடுத்து விடுறேன். ஷோவுக்கு முன்னால கையெழுத்து வேணும்,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் சரசு பிடித்துக்கொண்டாள்.

“கேட்டதும் போட்டுர்றேன்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு? நீங்க என்ன பச்சப்புள்ளயா?”

“மெஷின் கீறியிருந்தான்னு சொன்னேன்.”

“கீறியிருந்தா மட்டும்? ராவும் பகலும் அந்தச் சூட்டுல நின்னு வேகுறீகளே, அதுக்கு யாரு காகிதம் எழுதுனா? உங்கள மாதிரி ஆளு இருக்கதாலதான் அவுக காகிதத்தை எழுதிட்டு வீடு தேடி வர்றாக.”

“சரசு, கத்தாத. குச்சியத் திருப்பிப் போடு. ஒரு பக்கமே காயுது.”

குச்சியைத் திருப்பிப் போட்டாள். வேறென்ன செய்வாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த மனுஷன் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. கமுதிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் இருந்தபோது ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான், அதற்கும் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். என்ன ஜென்மமோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயமணி ரீல் டப்பாவைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தான். முதலாளியின் மச்சினன். படப்பெட்டிகளைப் படகுத்துறையிலிருந்து எடுத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. பெட்டி எப்போதும் முதலாளி வீட்டில்தான் இருக்கும். மாலை ஆறு மணிக்குத்தான் கேபினுக்கு வரும், ஷோ முடிந்ததும் திரும்பிப் போய்விடும். ஆபரேட்டர் கையில் பெட்டி இருந்தால் ராத்திரியில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டிவிடுவானாம். அப்படி ஒரு சந்தேகம். ரீலைப் பகலில் பிரித்துக் கையால் தடவிப் பார்த்தால்தான் ஒரு ஆபரேட்டருக்கு அதன் நலம் தெரியும். அந்த ஒரு காரியத்தைக் குழந்தைவேலு இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் செய்ததே இல்லை. கவனக்குறைவாம், கவனக்குறைவு.

“ஜல்தி பாத்துட்டுக் குடுங்க அண்ணே. மச்சான் கோவத்துல இருக்காரு,” என்றான் ஜெயமணி.

“உன் மச்சானுக்கு மட்டும்தான் கோவம் வருமா?” என்றாள் சரசு. அவன் நிற்காமல் போய்விட்டான்.

குழந்தைவேலு முதலில் மெஷினைப் பார்த்தான். சரசு விளக்கைப் பிடித்தாள். கேபின் என்பது மரப்பலகையால் அடித்த கூண்டு, ஏணி ஏறிப் போக வேண்டும். கேட்டைத் திறந்தான். படம் விளக்கின் முன்னால் வந்து நிற்கிற சின்னச் சட்டத்துக்குப் பெயர் கேட். அதன் இரும்பை நகத்தால் தடவினான். உருளைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, துணியால் துடைத்து, துணியைப் பார்த்தான். கறுப்பு எண்ணெய், வேறொன்றுமில்லை.

“பச்சையா ஏன் விழுது?” என்று கேட்டாள். கோபம் இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம். ஒண்ணு வழவழன்னு இருக்கும். அதுல கீறுனா கறுப்புக் கோடா விழும். இன்னொண்ணு படம் பதிஞ்ச பக்கம். அதுல கலரு தோலு தோலா மேல மேல இருக்கு. மேல்தோலு மட்டும் உரிஞ்சா பச்சை. இன்னும் ஆழமாப் போனா மஞ்சள். முழுக்கப் போனா வெள்ளை. நமக்குப் பச்சை. அப்ப மேல்தோலுதான். ஏதோ பொடிசா ஒண்ணு உரசியிருக்கு.”

“மெஷினா?”

“அதத்தான் பாக்கணும்.”

கேபின் மூலையில் பழைய கலர் டிரெயிலர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். கோடு இல்லை. மெஷினில் மாட்டிக் கையாலேயே சுற்றி ஓட்டினான். இறக்கி மறுபடி பார்த்தான். கோடு இல்லை. மறுபடி மாட்டினான். ஐந்து தடவை. ரீலைத் திருப்பிச் சுற்றுகிற ரீவைண்டரிலும் ஐந்து தடவை. மழைச் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. கேபினுக்குள் சட்டை உடம்போடு ஒட்டியது. சரசுவுக்குக் கால் வலித்தது, பசித்தது, அதைவிட இவர் இப்படி அவசரமே இல்லாமல் பார்க்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் தடவைக்குப் பிறகு அவன் ஃபிலிமைக் கீழே வைத்தான்.

“மெஷின் இல்ல,” என்றான்.

“வாங்க, போயி மூஞ்சில விட்டெறிஞ்சு சொல்லுவோம்.”

“இரு. மெஷின் இல்லன்னா வேற என்னன்னு கேப்பாக.”

வீட்டுக்கு இறங்கி வந்து வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தான். அதன்மேல் எட்டாம் ரீலை வைத்து, ஒரு முனையைச் சரசு கையில் கொடுத்து, மெதுவாகப் பிரித்தான். ஓரத்தைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது என்றான். அவள் சன்னல் பக்கமாகத் திருப்பித் திருப்பி வாங்கிக்கொண்டே வந்தாள். பச்சைக் கோடு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பாதி ரீல் பிரிந்தபோது வேட்டியில் பொட்டு மாதிரி ஏதோ விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சர்க்கரைபோல நாலைந்து துகள்.

சரசு குனிந்து எடுத்தாள். குறுநொய். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த துகளை நாக்கில் வைத்துக் கடித்தாள். நறநறத்தது.

“அரிசி. கூட மணலு.”

“அரிசியா?”

குழந்தைவேலு ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். சரசுவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தீவில் மழைக்காலம் வந்தால் எல்லாமே அரிசிக்குள்தான். ரேடியோ, டார்ச் லைட், கல்யாண ஃபோட்டோ. இங்கே எட்டு மாதம் மழை, விட்டால் எல்லாம் பூஞ்சணம். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெங்காலி வீடானாலும் தெலுங்கு வீடானாலும் அதுதான் வழக்கம். யாரோ படத்தையும் அரிசிக்குள் வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. நொய்யைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ரங்கத்தில் எல்லோர் வீட்டிலும் ரேஷன் அரிசி. சிவப்புக் கோடு போட்ட தடிமன். பெங்காலிக்காரர்கள் தாங்கள் விளைத்த மோட்டா அரிசியைத் தின்பார்கள். இந்த மாதிரி ஊசியாய், வெள்ளையாய் இருக்கிற கிச்சிலிச் சம்பாவை மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரவழைத்துத் தின்கிற வீடு ஊருக்கு ஒன்றுதான். ஒவ்வொரு மூட்டை வந்ததும் அந்த வீட்டில் உட்கார்ந்து கல் பொறுக்கிக் கொடுப்பது சரசு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவளுக்குத் தெரியும். போன மூட்டையை அவள் பொறுக்கவில்லை. மலேரியாவில் படுத்திருந்தாள். அதனால்தான் இதில் மணல்.

“எந்திரிங்க,” என்றாள். “அவுக வீட்டு அரிசி.”

பக்தவத்சலம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஜெயமணி இன்னும் இலையில் இருந்தான். சரசு கூடத்தில் நுழைந்து, காகிதத்தில் மடித்து வந்ததைப் பிரித்து நீட்டினாள். குழந்தைவேலு அவளுக்குப் பின்னால் ரீலோடு நின்றான்.

“முதலாளி, இது யாரு வீட்டு அரிசின்னு பாத்துச் சொல்லுங்க.”

அவர் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். “நம்ம அரிசிதான். என்ன சரசு, பொறுக்கும்போது மடியில விழுந்துடுச்சா?”

சரசுவுக்கு உச்சந்தலை சூடேறியது. “என் மடியில விழலம்மா. எட்டாம் ரீலுக்குள்ள இருந்து விழுந்துச்சு.”

“ஓ, அதுவா,” என்று மங்கையர்க்கரசி சிரித்தாள். அவளுக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது. “ஜெனரேட்டர் கெட்டு ஷோ இல்லாம பதினோரு நாளு பெட்டி இங்கியே கெடந்துதே. மூடி நசுங்கின மூணு டப்பாவுல பூஞ்சணம் புடிச்சிடும்னு இவருதான் அரிசியைக் கொட்டி அமுக்கி வச்சாரு. அப்புறம் ஜெயமணி கவுத்துக் குடுத்தான். வீணாக்குவானேன்னு ஒலையில போட்டேன். ஒரே புளிச்ச வாடை. ரெண்டு நாளு ஒருத்தரும் சோறு திங்கல.”

“மங்கை, உள்ள போ,” என்றார் பக்தவத்சலம்.

அவர் முகத்தைப் பார்த்ததும் சரசுவுக்குத் தெரிந்தது, இந்த நிமிஷம் வரைக்கும் அவருக்கே இது தெரியாது. படத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது. இனி மனுஷன் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று நின்றாள்.

“மெஷினைச் சோதிச்சுப் பாத்துட்டேன் முதலாளி,” என்றான் குழந்தைவேலு. “வேற ஃபிலிம அஞ்சு தடவ ஓட்டுனேன். ஒரு கீறல் இல்ல. ஃபிலிம் ஈரத்துல இளகியிருக்கு, மணல் ஒட்டிக்கிச்சு. ஓடும்போது கேட்டுக்குள்ள வந்து கீறியிருக்கு.”

“பாத்தியா. கீறினது உன் மெஷினுக்குள்ளதானே?”

“மெஷினுக்குள்ள மணலக் கொட்டுனது யாரு?” என்றாள் சரசு.

“நீ பேசாத. ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்.”

“ஆம்பளைக பேசித்தான் மூணு ரீல் கராப் ஆகிப் போச்சு. எட்டு, ஒம்பது, பத்து. பகல்ல ஒரு தடவ அவுக கையில பெட்டியக் குடுத்திருந்தா மொத நாளே அரிசியக் கண்டுபிடிச்சிருப்பாக. குடுத்தீகளா? திருட்டுத்தனமா படம் போடுவாருன்னு பூட்டி வச்சீக.”

பக்தவத்சலம் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. இறங்கிய குரல்தான் சரசுவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

“இதோ பாரு குழந்தைவேலு. நடந்தது நடந்துடுச்சு. ஓனரே அரிசி போட்டுக் கெடுத்தான்னு மெட்ராஸ்ல தெரிஞ்சா, சிரிப்பாங்க. அப்புறம் ஒரு பிரிண்ட் அனுப்ப மாட்டாங்க. கொட்டகை பந்த். கொட்டகை இல்லன்னா உனக்கு மட்டும் வேலை ஏது? நீ கையெழுத்துப் போட்டுடு. நீக்கிட்டோம்னு எழுதறது சும்மா காகிதத்துல. நீ இங்கியே இரு. அதே வீடு, அதே மெஷின். ரங்கத்துல யாரு வந்து பாக்கப் போறான்?”

ஜெயமணி இலையை மடித்தான். வெளியே மழை ஓட்டில் கொட்டியது. சரசு புருஷன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்த முகத்தில் சரி என்பது தெரிந்துவிடும். இப்படிப் பதமாகப் பேசினால் சரி என்றுவிடுகிற மனுஷன். வீடும் இருக்கும், வேலையும் இருக்கும் என்றால் அவளுக்குமே உள்ளே ஒரு மூலையில், கையெழுத்தைப் போட்டுவிட்டால்தான் என்ன என்று இருந்தது. அப்படி இருந்ததற்கே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

“இல்லங்க முதலாளி,” என்றான் குழந்தைவேலு. “மெஷின் கீறியிருந்தா போடுறேன்னு சொன்னேன். மெஷின் கீறல.”

“அவ்வளவுதானா?”

“அம்புட்டுத்தான்.”

“அப்ப சனிக்கிழமை போட்டுல கிளம்பிடு,” என்றார் பக்தவத்சலம். “கையெழுத்து இல்லாமலே காகிதம் போகும். இன்னிக்கு ஷோவை ஜெயமணி ஓட்டிப்பான். ரெண்டு வருஷமா பாத்துட்டுதானே இருக்கான்.”

ரீலை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். வழியெல்லாம் சகதி. பாதி தூரம் வரைக்கும் சரசு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“என்னங்க,” என்றாள் பிறகு. “போட்டுருவீகன்னு நெனச்சேன்.”

“தெரியும்.”

“கோவமா?”

“ஆமா,” என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தான்.

மாலையில் மழையோடு மழையாகச் சனம் வந்து குவிந்தது. பகுல்தலாவிலிருந்து நனைந்துகொண்டே நடந்து வந்த பெங்காலிகள், குடைக்குள் நாலு பேராக வந்த ராஞ்சிக்காரர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்த தெலுங்குப் பெண்கள். ஆறரைக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. குழந்தைவேலு அறையில் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். சரசு பாத்திரங்களைக் கோணிக்குள் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகை. ஒவ்வொரு சத்தமும் கேட்டது. முதலில் இரைச்சல், பிறகு விசில், பிறகு பெஞ்சைத் தட்டுகிற சத்தம். திரையில் படம் விழவில்லை. கேபினுக்குள் ஒரு பொரிதல், ஒரு அலறல். ஜெயமணி விரலைச் சுட்டுக்கொண்டான் என்று கேட்காமலே தெரிந்தது. கார்பனை எத்தனை இடைவெளியில் வைப்பது என்று வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?

“அரே மாலிக், பிக்சர் தோ லகாவ்,” என்று, முதலாளியைப் படம் போடச் சொல்லி யாரோ கத்தினான். ஒரு பலகை உடைந்தது.

குழந்தைவேலு எழுந்தான். பாவம், அவன் காதுக்கு அந்தச் சத்தம் தாங்காது. சரசு வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

“சனம் என்ன பண்ணும் சரசு. நனஞ்சுக்கிட்டு வந்திருக்காக.”

“முதலாளி வரட்டும். அப்புறம் போங்க.”

வந்தார். தலைக்குமேல் குடை இருந்தும் பக்தவத்சலத்தின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. காலையில் கொண்டுவந்த அதே காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அவள் முன்னால் நாலாகக் கிழித்துப் போட்டார்.

“போதுமா? வாப்பா குழந்தைவேலு. கொட்டகையைப் பிரிச்சுடுவானுங்க.”

“போதாது,” என்றாள் சரசு. “கிழிச்சத நாளைக்கு மறுபடி எழுதுவீக. இப்ப இங்க எழுதுங்க. படம் கெட்டது நீங்க டப்பாவுல கொட்டுன அரிசியாலன்னு. ஆபரேட்டர் மேல தப்பு இல்லன்னு. கீழ கையெழுத்து.”

“சரசு, எனக்கு டைம் இல்ல.”

“எங்களுக்கு இருக்கு.”

சுவருக்கு அப்பால் இன்னொரு பலகை உடைந்தது. பக்தவத்சலம் அவளைப் பார்த்தார், அவள் புருஷனைப் பார்த்தார். குழந்தைவேலு காகிதமும் பேனாவும் எடுத்து நீட்டினான். வாசலுக்கு இழுத்த டிரங்குப் பெட்டியின்மேல் வைத்து, வெளியே நின்றவாறே குனிந்து எழுதினார். கிறுக்கி நீட்டியதும் குழந்தைவேலு ஏணியை நோக்கி ஒரு அடி வைத்தான்.

“இருங்க,” என்றாள் சரசு.

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து விரல் வைத்து ஆரம்பித்தாள். முதலாளி வாசலுக்கு வெளியே மழையில் நின்றார். கொட்டகைக்குள் அத்தனை சனமும் ஒரே குரலில் கத்தியது. அவள் அவசரப்படவில்லை. இரண்டாம் வரியில் ஒரு சொல் அடித்து எழுதியிருந்தது. என்ன என்று கேட்டாள். அரிசி என்றார். தெளிவாக எழுதுங்க என்று பேனாவை நீட்டினாள். எழுதினார். கடைசியில் கையெழுத்தையும் படித்துவிட்டுத்தான் புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் ஏணியில் ஏறினான்.

இரண்டு நிமிஷத்தில் கொட்டகை அடங்கியது. சுவர் இடுக்கு வழியாக வெளிச்சம் துள்ளாமல் ஒரே சீராக விழுந்தது.

பக்தவத்சலம் குடையை உதறினார். “இதோட விட்டுடுவேன்னு நெனைக்காத. சனிக்கிழமை போட்டுல நீங்க ரெண்டு பேரும் ஏறணும். இந்த வீடு எனக்கு வேணும்.”

“ஏறுறோம்,” என்றாள் சரசு, காகிதத்தை மடித்துக்கொண்டே. “இந்தக் காகிதத்தோட ஏறுறோம்.”